எழுதுவோரும் இயக்குவோரும்

ஒரு வியாபாரத்தின் இலாப நட்டங்களை நிருணயிப்பவை யாவை என்று கேட்டால், சரக்கின் தரம், விலை, கடை அமைந்த இடம், முதலாளியின் சாமர்த்தியம் என்று நம் முன்னோர் விடை கூறியிருப்பர். இன்று அந்த வரிசையிலே கண்ணுக்குப் புலனாகாத இன்னொன்றும் வந்து சேர்ந்துவிட்டது. வங்கியிலே பணம் மாற்றுவதும், பேரங்காடியிலே பற்றுச்சீட்டுப் பெறுவதும், மின்சாரக் கட்டணம் செலுத்துவதும் இப்போது மென்பொருளின் வழியாகவே நடைபெறுகின்றன. "சிஸ்ரம் வேலை செய்யவில்லை, சற்றுப் பொறுங்கள்" என்று கருமபீடத்துக்கு அப்பால் இருப்பவர் கூறும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நமக்கு ஞாபகத்துக்கு வருகின்றது.

அந்த மென்பொருளை ஆக்குவதிலும் இயக்குவதிலும் காட்டப்படும் கவனம் ஒரு வியாபாரத்தை எவ்வளவு தூரம் உயர்த்தவோ வீழ்த்தவோ வல்லது என்பதை அறிய விரும்புவோர் இரண்டு கம்பனிகளின் வரலாற்றைப் படித்தாற் போதும். ஒன்று அமெரிக்காவிலே பங்கு வியாபாரஞ் செய்தது. மற்றது இங்கிலாந்திலே தேநீரும் பணியாரமும் விற்றது. பின்னே நிகழ்ந்ததை முதலிற் சொல்லுகின்றேன்.

நைட் கப்பிட்டல் என்பது அமெரிக்கப் பங்குச் சந்தைகளிலே முன்வரிசையில் நின்ற கம்பனி. 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 1ஆந் திகதி காலை ஒன்பதரை மணிக்குச் சந்தை திறந்தது. அதன்பின் சென்ற நாற்பத்தைந்து நிமிட நேரத்திலே அக்கம்பனியின் பொறிகள் செய்த வியாபாரத்தால் அதற்கு விளைந்த நட்டம் 46 கோடி டொலருக்கும் அதிகம். கள்வர் புகவில்லை, கணக்கர் கையாடவில்லை, சந்தையிலே பெருவீழ்ச்சி எதுவும் நேரவில்லை. பின் என்ன நேர்ந்தது?

அன்றைய தினம் நியூயோர்க் பங்குச் சந்தை சிறு முதலீட்டாளருக்கென ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கவிருந்தது. அதற்கு ஏற்றவாறு நைட் கம்பனியும் தன் மென்பொருளிலே ஒரு புதிய பகுதியை எழுதிச் சேர்த்தது. வாடிக்கையாளரின் ஆணைகளைச் சிறு சிறு கூறுகளாக்கிச் சந்தைக்கு அனுப்பும் பொறிகள் அக்கம்பனியிடம் எட்டு இருந்தன. ஜூலை மாதக் கடைசியிலே புதிய பகுதி அப்பொறிகளில் ஏற்றப்பட்டது. ஏற்றிய ஊழியர் ஏழு பொறிகளில் ஏற்றினார். எட்டாவது பொறி விடுபட்டுப் போயிற்று. அதை எவரும் கவனிக்கவில்லை.

விடுபட்டது மாத்திரமே குற்றமாயின் நட்டம் சிறிதாகவே இருந்திருக்கும். அந்த எட்டாவது பொறியின் உள்ளே ஒரு பழைய பகுதி உறங்கிக்கொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டிலேயே உபயோகம் நிறுத்தப்பட்ட பகுதி அது. ஆயினும் யாரும் அதனை அகற்றவில்லை. போதாக்குறைக்கு, அப்பழைய பகுதியை விழிக்கச் செய்யும் அடையாளக் குறி எதுவோ, அதே குறியைப் புதிய பகுதிக்கும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆகவே குறி வந்தபோது ஏழு பொறிகளிலே புதியது இயங்கிற்று. எட்டாவதிலே ஒன்பது வருடமாகத் தூங்கிய பழையது எழுந்துவிட்டது.

ஒரு சிறுவனைக் கடைக்கு அனுப்பி ஐந்து கிலோ சீனி வாங்கிவரச் சொல்கிறோம். ஐந்து ஆயிற்று, போதும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வாறு சொல்லும் எண்ணிக்கைப் பகுதியை 2005ஆம் ஆண்டிலே வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியபின் பழைய பகுதி சரியாக நிற்கிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே அச்சிறுவன் போதும் என்ற சொல் கேளாமலே கடைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளரிடமிருந்து வந்த ஆணைகள் 212 மாத்திரமே. அவற்றை நிறைவேற்றப் புகுந்த பொறி 154 கம்பனிகளின் பங்குகளிலே நாற்பது இலட்சம் கொடுக்கல் வாங்கல்களை நடத்தி, 39 கோடி 70 இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குகளைக் கைமாற்றிவிட்டது.

இதிலே மிகவும் மனவருத்தத்துக்குரியவை இரண்டு. சந்தை திறப்பதற்கு முன்னரே அக்கம்பனியின் பொறி ஒன்று, வழு உண்டு என்று குறிப்பிடும் மின்னஞ்சல்களை ஊழியருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவை மொத்தம் 97. அவை அபாய அறிவிப்பென்று கருதப்படாமையால் ஒருவரும் செயற்படவில்லை. மற்றது, ஆபத்து வெளிப்பட்ட பின்னர் நிகழ்ந்தது. புதிய பகுதிதான் பிழை செய்கிறது என்று எண்ணி, ஒழுங்காக ஓடிய ஏழு பொறிகளிலிருந்தும் அதை நீக்கினார்கள். உடனே அந்த ஏழிலும் பழைய பகுதி விழித்துக்கொண்டது! எரிகின்ற வீட்டுக்கு எண்ணெய் வார்த்த கதைதான். பொறிகளிலே என்ன இருக்கிறது என்பதை எழுதியவர் ஒருபுறம் அறிந்திருந்தனர். ஏற்றியவர் மறுபுறம் நின்றனர். ஆபத்து நேரத்திலே இருபுற அறிவும் ஒன்று சேர்வதற்கு வழியிருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் வெளியார் சிலர் 40 கோடி டொலர் கொடுத்து அக்கம்பனியைத் தாங்கிப் பிடித்தனர். மறு வருடம் அது கெட்கோ என்னும் இன்னொரு கம்பனியுடன் இணைந்தது.

மென்பொருட் தொழிலிலே நெடுங்காலமாக நிலவிவந்த ஒரு பிரிவினையை இங்கே சொல்லவேண்டும். செய்நிரல்களை எழுதுவோர் ஒரு பகுதியினர். அவற்றைப் பொறிகளிலே இரவு பகலாக இயக்கிக் காப்போர் இன்னொரு பகுதியினர். முன்னவருக்குப் பாராட்டு, புதியன செய்வதனால் வருவது. பின்னவருக்குப் பாராட்டு, ஒன்றும் குழம்பாமல் இருப்பதனால் வருவது. புதுமையை விரும்புவோனும் அமைதியை விரும்புவோனும் ஒரே கூரையின் கீழ் எதிரிகளாகிவிடுதல் இயல்பே. எழுதியவர் தம் வேலையை மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவார். நடுநிசியிலே அது பழுதானால் துயில் கெடுவது இயக்குபவருக்கு. இத்தகைய இடங்களிலே மாற்றங்களை ஆறு மாதம், ஒரு வருடம் என்று சேர்த்து வைத்துப் பெருமூட்டையாக ஒரே இரவில் ஏற்றுவார்கள். வியாபாரிக்கோ, தான் கேட்ட சிறிய திருத்தம் கைக்கு வருவதற்குள் அதன் தேவையே தீர்ந்துபோகும்.

ஆனால் இத்தொழில் பிறந்தபோது அப்படியிருக்கவில்லை என்பதுதான் வியப்பு. அதை அறிய, நம் மலைநாட்டுத் தேயிலையும் நெடுங்காலமாக ஏலமிடப்பட்ட இலண்டன் மாநகருக்குச் செல்லவேண்டும்.

ஜே. லயன்ஸ் கம்பனி 1894ஆம் ஆண்டிலே பிக்கடிலி வீதியில் தன் முதலாவது தேநீர்ச்சாலையைத் திறந்தது. பின்னர் நகரெங்கும் கிளைகள் பெருகின. ஒரு கோப்பைத் தேநீர், ஒரு பணியாரம் என்று விற்கும் வியாபாரத்திலே ஒவ்வொரு விற்பனையிலும் கிடைக்கும் இலாபம் மிகமிகச் சிறியது, விற்பனைகளோ எண்ணிறந்தவை. ஆகையால் கணக்கெழுதும் செலவே இலாபத்தை விழுங்கிவிடக்கூடும். இதனை நன்குணர்ந்தவர் கேம்பிரிட்ஜிலே கணிதம் கற்று அக்கம்பனியிற் சேர்ந்த ஜோன் சிமன்ஸ் என்பவர். எழுதுவினைஞரின் வேலையை எவ்வாறு சுருக்கலாம் என்று ஆராய்வதற்கே அங்கு ஒரு தனிப் பகுதி இருந்தது.

1947ஆம் ஆண்டிலே அக்கம்பனி ரேமண்ட் தொம்சன், ஒலிவர் ஸ்டாண்டிங்போர்ட் என்னும் இருவரை அமெரிக்க அலுவலக முறைகளைப் பார்த்துவர அனுப்பிற்று. அலுவலகங்களிலே அவர்கள் கண்ட புதுமை அதிகமில்லை. ஆனால் பிரின்ஸ்டனிலே ஹேர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற கணித அறிஞரைச் சந்தித்தபோது, மின்னணுக் கணிப்பொறியைப் பற்றி அறிந்ததோடு, அத்தகைய பொறியொன்று தங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜிலே மொரிஸ் வில்க்ஸ் என்பவரால் உருவாக்கப்படுகின்றது என்பதையும் அறிந்தார்கள். வீட்டு முற்றத்து மூலிகையைக் காண அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க வேண்டியிருந்தது! லயன்ஸ் கம்பனி அப்பல்கலைக்கழகத்துக்கு 3,000 பவுண் நன்கொடையும் ஓர் ஊழியரின் உதவியும் வழங்கிற்று. கேம்பிரிட்ஜ்ப் பொறி 1949 மே மாதத்திலே வேலை செய்யத் தொடங்கியது. அதைத் தழுவித் தனக்கென ஒன்றைக் கட்ட லயன்ஸ் கம்பனி ஜோன் பிங்கேட்டன் என்ற பொறியியலாளரை நியமித்துக்கொண்டது. தேநீர்க் கம்பனி ஒன்று கணிப்பொறி கட்டியதைப் போன்ற விந்தை வியாபார சரித்திரத்திலே அதிகமில்லை. அதற்கு லியோ என்று பெயரிட்டார்கள்.

ஏறத்தாழ 6,000 வால்வுகளைக் கொண்ட அப்பொறி இலண்டன் ஹமர்ஸ்மித் பகுதியிலே, லயன்ஸ் தலைமைப் பணிமனையிலே நிறுத்தப்பட்டது. அதன் ஞாபகத்திலே ஒரே சமயத்தில் வைத்திருக்கக்கூடிய எண்கள் இரண்டாயிரம் சொச்சமே. இன்று மாணவரின் சட்டைப்பையிலே கிடக்கும் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் நகைப்பே வரும். எனினும் 1951 நவம்பர் மாதத்திலே அது வெதுப்பகத்திலே உற்பத்தியான பாண், கேக் முதலியவற்றின் பெறுமதியைக் கணக்கிடும் அன்றாட வேலையைத் தொடங்கியது. வியாபாரம் ஒன்றின் வழமையான அலுவலை உலகிலே கணிப்பொறி ஏற்று நடத்தியது அதுவே முதற்றடவை என்பர்.

பொறியை விட, அதைச் சூழ நின்ற மனிதர் வேலை செய்த முறையையே நான் மாணவருக்கு எடுத்துக் கூற விரும்புகின்றேன். செய்நிரல் எழுதும் குழுவை நடத்தியவர் டேவிட் கமினர். அவர் கணிதப் பேராசிரியரல்லர். கம்பனியின் அலுவலக முறைகளிலே ஊறியவர். ஒரு வேலையைப் பொறிக்குக் கொண்டுவருமுன் அவரது குழுவினர் அவ்வேலையைச் செய்யும் பகுதியினரோடு இருந்து, எது ஏன் செய்யப்படுகின்றது என்று கேட்டறிவார்கள். பழைய முறையை அப்படியே பொறியில் ஏற்றுவது அவர்களுக்குச் சம்மதமில்லை. பின்னர் முழு வேலையையும் படமாக வரைவார்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரிவரியாகச் சரிபார்ப்பார். வேலை நடுவிலே வால்வு பழுதானால் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடாமல், விட்ட இடத்துக்கு அருகிலிருந்து தொடருவதற்கு நிரலின் உள்ளேயே இடங்கள் அமைக்கப்பட்டன. பொறியியலாளரோ மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியிறக்கி, நலிந்த வால்வுகளை முன்கூட்டியே கண்டு மாற்றினார்கள். எழுதுவோரும் இயக்குவோரும் ஒரே அறையின் கவலையைப் பகிர்ந்துகொண்டனர்.

சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊழியரின் வாரச் சம்பளத்தைக் கணக்கிட அனுபவமுள்ள எழுதுவினைஞருக்கு எட்டு நிமிடம் செல்லும்; லியோவுக்கு ஒன்றரை விநாடி போதும். இவ்வளவு வேகம் கைக்கு வந்தபின் யார் பொறுத்திருப்பார்? லயன்ஸ் கம்பனி பொறுத்திருந்தது. சம்பளம் ஒரு வாரம் தவறினாலும் அது வீடுகளிலே அடுப்பெரிவதைப் பாதிக்கும் விஷயம். ஆகவே பொறியும் எழுதுவினைஞரும் ஒரே கணக்கைத் தனித்தனியே செய்து, விடைகள் ஒத்துவரும் வரை சோதனை நடந்தது. 1954ஆம் ஆண்டிலேதான் சம்பளக் கணக்கு முழுவதும் பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தப் பொறுமையே எனக்கு அவ்வேகத்தைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றுகின்றது.

அதே வருடம் தேநீர்ச்சாலைகளுக்கு உணவு அனுப்பும் வேலையும் லியோவிடம் வந்தது. இங்கே அவர்கள் செய்த யுக்தி மிகவும் இரசிக்கத்தக்கது. ஒவ்வொரு சாலையின் முகாமைப் பெண்மணியும் தினந்தோறும் முழுப் பட்டியலையும் எழுதி அனுப்புவதே பழைய வழக்கம். திங்களுக்கு இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு என்று வழமையான தேவை பொறிக்கு முன்னரே கொடுக்கப்பட்டது. பிற்பகலிலே தொலைபேசியிற் பேசி, மறுநாளைக்கு என்ன மாற்றம் என்பதை மட்டும் கேட்டார்கள். காதிலே கேட்கும்போதே கை அட்டையிலே துளையிட்டது. இடையிலே கடதாசியும் இல்லை, பிரதி எடுப்பதும் இல்லை. மழை வருமென்று எண்ணினால் ஐஸ்கிறீமைக் குறைக்கலாம். விழா வருமாயின் கேக்கைக் கூட்டலாம். விற்பனைச் சாலை, வெதுப்பகம், வண்டி மூன்றும் ஒரே கணக்கிலே இணைந்தன. தேயிலைக் கலவைக் கணக்கும் அப்பொறியிலே செய்யப்பட்டது. மற்றக் கம்பனிகள் வந்து பார்த்து ஆசைப்பட்டமையால் 1954இல் லியோப் பொறிகளை விற்பதற்கெனத் தனிக் கம்பனியே தொடங்கப்பட்டது. முதலாவது லியோ 1965ஆம் ஆண்டு ஜனவரியிலே ஓய்வு பெற்றது.

பிற்காலத்திலே கணிப்பொறிகள் பெருகப் பெருக, வேலைப் பிரிவினையும் பெருகிற்று. பெரிய நிறுவனங்களிலே பொறி குளிரூட்டிய அறைக்குள் போயிற்று. எழுதுவோர் கதவுக்கு வெளியே நின்றனர். மேற்கூறிய மதில் எழுந்த கதை இதுவே.

அம்மதிலை இடிக்கும் முயற்சி இந்த நூற்றாண்டிலே தொடங்கியது. ஒரு சேவையை எழுதியவரே அதை இயக்கவும் வேண்டும் என்ற வழக்கத்தை அமேசன் நிறுவனத்தின் தலைமைத் தொழினுட்ப அதிகாரி வேர்னர் வோகல்ஸ் 2006ஆம் ஆண்டிலே ஒரு பேட்டியில் விளக்கினார். 2009 ஜூன் மாதத்திலே, புகைப்படங்களைப் பகிரும் பிளிக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் ஓல்ஸ்போவும் போல் ஹமண்டும் கலிபோர்னியாவிலே நிகழ்த்திய உரையில், தாங்கள் ஒரே நாளிற் பத்துத் தடவைக்கு மேல் மென்பொருளை மாற்றி ஏற்றுவதாகக் கூறினர். ஒருவர் இயக்குவோர் பக்கத்தவர். மற்றவர் எழுதுவோர் பக்கத்தவர். இவ்வுரையாற் கவரப்பட்ட பெல்ஜிய நாட்டவரான பற்றிக் டெபுவா அவ்வருடம் ஒக்டோபரிலே கென்ட் நகரில் ஒரு மகாநாட்டைக் கூட்டினார். ஆக்கம், இயக்கம் என்னும் இரு சொற்களின் ஆங்கிலத் தலைப்பகுதிகளை ஒட்டி டெவ்ஒப்ஸ் என்ற பெயர் அங்கிருந்தே பரவிற்று.

ஒரு நாளிற் பத்து மாற்றம் என்றால் பத்து ஆபத்து அல்லவா என்று வாசகர் கேட்கலாம். எம் போன்ற ஆசிரியருக்கு இதன் விடை அனுபவத்திலே தெரிந்ததே. வாரம் ஒரு கட்டுரை எழுதுவித்துத் திருத்தினால், மாணவன் எங்கே வழுக்கினான் என்று உடனே தெரியும். அவனுக்கும் எழுதியது மறந்திராது. தவணை முடிவிலே பன்னிரண்டு கட்டுரைகளை ஒன்றாகத் திருத்தினால், ஒரே பிழை பன்னிரண்டு இடங்களில் வேரூன்றியிருக்கும். சிறு மாற்றத்திலே பிழை நேர்ந்தால் அது எங்கே என்று தேடவேண்டிய இடமும் சிறிது. திரும்ப எடுத்துக்கொள்வதும் எளிது.

ஆனால் வெறுங்கையால் நாளுக்குப் பத்துத் தடவை ஏற்றினால் நைட் கம்பனியின் கதி பத்து மடங்காக வரும். எட்டுப் பொறிகளுக்கும் ஒரேயடியாக ஏற்றி, எட்டும் ஒத்திருக்கின்றனவா என்று தானே பார்க்கும் கருவி வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் நூற்றுக்கணக்கான சோதனைகளுக்கு உட்படுத்தி, ஒன்று தவறினாலும் வேலையை நிறுத்தும் ஒழுங்கு வேண்டும். யப்பானிலே சகிச்சி டொயோடா 1924ஆம் ஆண்டிலே நிறைவாக்கிய தறி, ஓர் இழை அறுந்தால் தானே நின்றுவிடும். அக்குடும்பத்தார் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலையிலே, குறை காணும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம். மென்பொருளார் கற்றுக்கொண்டது அந்த நெசவாளனின் யுக்தியைத்தான். புதிய பகுதியை முதலிலே சிலருக்கு மாத்திரம் காட்டி, நலமாயிருந்தால் எல்லோருக்கும் திறந்துவிடுவதும், உபயோகமற்ற பழையதை உடனே அகற்றுவதும் இந்த ஒழுங்கிலே சேரும்.

இதனால் வியாபாரத்துக்கு உண்மையிலே நன்மையுண்டா? நிக்கோல் போர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகிய மூவரும் பல வருட வினாக்கொத்து ஆய்வுகளை ஆதாரமாகக் கொண்டு 2018ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டனர். எத்தனை தடவை மாற்றம் ஏற்றப்படுகிறது, எழுதியது வாடிக்கையாளரை அடைய எவ்வளவு காலம் செல்கிறது, மாற்றங்களில் எத்தனை தவறுகின்றன, பழுதானால் எவ்வளவு விரைவிற் சீராகிறது என்னும் நான்கையும் அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். விரைவும் உறுதியும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது பொது நம்பிக்கை. அவர்கள் கண்டதோ, விரைவிலே சிறந்த நிறுவனங்களே உறுதியிலும் சிறந்தன என்பது. இலாபம், சந்தைப் பங்கு ஆகிய குறிக்கோள்களை எட்டியதாகக் கூறியவற்றுள்ளும் அவையே முன்நின்றன. தம்மைப் பற்றித் தாமே கூறிய விடைகள் இவை என்பதையும் மறத்தலாகாது. ஆசிரியர் தரும் புள்ளியும் மாணவன் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் புள்ளியும் ஒன்றல்ல. ஆயினும் விடைகள் ஆண்டுதோறும் ஒரே திசையைக் காட்டியமை கருதத்தக்கது.

இவையெல்லாம் தூர தேசத்துச் சங்கதிகள் என்று நம் மாணவர் எண்ணவேண்டியதில்லை. இலண்டன் பங்குச் சந்தை 2009ஆம் ஆண்டிலே விலைக்கு வாங்கிய மிலேனியம் ஐ.ரி. என்பது கொழும்புக்கு அண்மையில், மாலபேயிலே இயங்கிய கம்பனி. 2011 தொடக்கம் அச்சந்தையின் கொடுக்கல் வாங்கல் அங்கே ஆக்கப்பட்ட மென்பொருளிலே நடைபெறலாயிற்று. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்போர் பலர் நிரல் எழுதப் பழகுகின்றனர். எழுதியது ஓடினால் மகிழ்ந்து கொப்பியை மூடிவிடுகின்றனர். தன் நண்பனின் நிரலை வாசித்துப் பிழை காணவும், தன் நிரல் ஓடும்போது நடுவிலே மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவும் அவர்களைப் பழக்கினால், கமினர் குழுவின் பாதி வித்தை கைவந்ததாகும். கம்பனி நடத்துவோரிலும் சிலர், விலையுயர்ந்த பொறியும் புதிய பெயர் சூட்டிய பதவியும் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கின்றனர். மதில் அப்படியே நிற்க, அதன்மேல் டெவ்ஒப்ஸ் என்று எழுதி வைப்பதனால் ஆவது யாது?

பழுது நேர்ந்த மறுநாள் நடக்கும் விசாரணையிலேயே ஒரு நிறுவனத்தின் இயல்பு வெளிப்படும். யார் செய்தது என்று கேட்டால் அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார். எப்படி நேர்ந்தது என்று கேட்டால், ஏற்றியவரும் எழுதியவரும் ஒரே மேசையில் இருந்து தாம் கண்டதைச் சொல்வர். நைட் கப்பிட்டல் விவகாரத்தை விசாரித்த அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2013 ஒக்டோபரிலே அக்கம்பனிக்கு 1 கோடி 20 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. எட்டாவது பொறியைத் தவறவிட்ட ஊழியரின் பெயர் அவ்வாணையிலே இல்லை. அவர் ஏற்றியதை இரண்டாவது ஒருவர் சரிபார்க்கவில்லை என்பதும், அப்படிச் சரிபார்க்கவேண்டும் என்ற எழுத்துமூல விதி அக்கம்பனியிலே இருக்கவில்லை என்பதும் அதிலே குறிக்கப்பட்டிருக்கின்றன.